வழக்குரையும் புனைவும்: இரா. முருகவேள் நாவல்களில் சான்றின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

வழக்கறிஞர் தொழிலிலிருந்து நாவல் எழுத வந்தோர் உலக மொழிகள் பலவற்றிலும் நீதிமன்றத்தையே கதைக்களமாகக் கொண்டு குற்றப் புனைவுகளைப் படைத்துள்ளனர். தமிழில் இவ்வகைமை வேரூன்றவில்லை. கோயம்புத்தூரில் வழக்கறிஞராகத் தொழில்புரியும் இரா. முருகவேள் எழுதிய ‘மிளிர் கல்’, ‘முகிலினி’, ‘செம்புலம்’ ஆகிய மூன்று நாவல்களும் திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் களமாகக் கொண்டவை. குற்றம், தேடல், விசாரணை ஆகியவை இவற்றை நகர்த்துகின்றன. எனினும் நீதிமன்றம் இவற்றின் மையமாக அமையவில்லை. குற்றத்தைச் செய்தவர் யார் என்ற வினாவின் இடத்தில், ஊரறிந்த குற்றத்திற்குச் சட்டம் ஏற்கும் சான்று எங்கே என்ற வினா இந்நாவல்களில் நிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வழக்குரை, சான்று, குற்றப் புனைவு, கொங்கு வட்டாரம், நொய்யல், காங்கேயம், ஆணவக்கொலை

முன்னுரை

முருகவேளின் நாவல்களைப் பற்றிய ஆய்வுகளும் மதிப்புரைகளும் பெரும்பாலும் அவற்றைச் சூழலியல் நாவல் என்றோ வட்டார நாவல் என்றோ மார்க்சிய நோக்குடைய நாவல் என்றோ வகைப்படுத்துகின்றன. இவ்வகைப்பாடுகளில் பிழையில்லை. ஆனால், நூலாசிரியர் நாள்தோறும் எந்தத் தொழிலில் உழல்கிறாரோ அத்தொழில் அவரது கதைகூறும் முறையில் என்ன விளைவை ஏற்படுத்தியது என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. ஆசிரியராகவோ அலுவலராகவோ இருப்பவர் எழுதும் நாவலில் அத்தொழில் பின்னணியாக மட்டும் நின்றுவிடுவதுண்டு. வழக்கறிஞர் தொழில் அவ்வாறு எளிதில் ஒதுங்கி நிற்பதன்று. கேட்டதை அப்படியே நம்பாமை, கண்டவர் யார் என வினவுதல், தாளில் இருப்பதையும் வாயில் வந்ததையும் பிரித்தறிதல் ஆகிய பழக்கங்கள் எழுதுபவரின் கையிலும் படிந்துவிடுகின்றன. இக்கட்டுரை அப்பழக்கங்களின் தடத்தைப் பின்பற்றிச் செல்கிறது.

வழக்கறிஞர் கதைமாந்தரும் வழக்கறிஞர் ஆசிரியரும்

சட்டத்துறையினருக்கும் தமிழ் நாவலுக்கும் உள்ள உறவு நாவலின் பிறப்பிலேயே தொடங்குகிறது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டவரும் அவரே. வழக்கு நடைபெறும் மொழி மக்களுக்குப் புரியாத மொழியாக இருப்பதைத் தம் நாவலுக்குள்ளும் அவர் கண்டித்துள்ளார். தமிழின் முதல் நாவலாசிரியர் நீதிமன்றத்தை அறிந்திருந்தும் அதைப் பரபரப்புக்கான களமாக்கவில்லை. சீர்திருத்தம் தேவைப்படும் நிறுவனமாகவே கண்டார்.

பின்னர் வந்த குற்றப் புனைவு வேறு வழியில் சென்றது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு முதலியோர் துப்பறிவாளரை முன்னிறுத்தினர். தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ ஒரு கொலை வழக்கு விசாரணையை ஜூரர்கள் அமர்ந்த மன்றத்துக்குள்ளேயே விரித்துக்காட்டியது. தமிழில் முழுமையான நீதிமன்ற நாவல் என்று சுட்டத்தக்க மிகச் சிலவற்றுள் அது ஒன்று. அதை எழுதியவரோ இதழாசிரியர். சுஜாதா 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரில் அறிமுகப்படுத்திய கணேஷ் தமிழ் வாசகர் மிகுதியும் அறிந்த வழக்கறிஞர். அவரைப் படைத்தவர் பொறியாளர். கணேஷும் பின்னர் அவருடன் இணைந்த வசந்தும் வாதிடுவதைக் காட்டிலும் துப்பறிவதே மிகுதி. கோயம்புத்தூரிலிருந்தே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் உலகிலும் குற்றம் அவிழும் இடம் மன்றமன்று. சுருங்கக் கூறின், தமிழ்க் குற்றப் புனைவில் வழக்கறிஞர் கதைமாந்தராக வந்தார். வழக்கறிஞர் ஆசிரியராக வரவில்லை.

அமெரிக்க மரபு இதற்கு நேர்மாறானது. பெர்ரி மேசன் என்னும் வழக்கறிஞரை 1933இல் அறிமுகப்படுத்திய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், 1987இல் ‘பிரிசியூம்ட் இன்னசென்ட்’ எழுதிய ஸ்காட் டூரோ, மிசிசிப்பி மாநிலத்தில் தொழில்புரிந்து 1989இல் முதல் நாவலை வெளியிட்ட ஜான் கிரிஷாம் ஆகிய மூவரும் வழக்கறிஞர்கள். நீதிமன்ற அறையில் தாம் கேட்க நேர்ந்த ஒரு சாட்சியமே தம்மை எழுதத் தூண்டியதாகக் கிரிஷாம் கூறியுள்ளார். இம்மரபில் உண்மை மறைந்து கிடக்கிறது. குறுக்கு விசாரணை அதை வெளிக்கொணர்கிறது. ஜூரி அதைக் கேட்கிறது. இந்தியாவிலோ 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று. வாய்தாக்களில் ஆண்டுகள் கழியும் விசாரணையில், பன்னிருவரைத் தன் சொல்லால் கவரும் வழக்கறிஞரை இங்கே கற்பனை செய்தால் இங்குள்ள வாசகரே நம்பமாட்டார். தமிழில் சட்டப் பரபரப்பு நாவல் தழைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இரண்டு வாக்குமூலங்கள்

முருகவேள் நாவலுக்கு வந்த வழி மொழிபெயர்ப்பு. ஜான் பெர்க்கின்ஸ் எழுதிய நூலை ‘ஒரு பொருளாதார அடியாளின் வாக்குமூலம்’ என்றும், பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை ‘எரியும் பனிக்காடு’ என்றும் அவர் தமிழாக்கினார். பின்னது இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படத்திற்கு அடிப்படையாயிற்று.

இவ்விரு நூல்களையும் சட்டத்தின் சொற்களால் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பெர்க்கின்ஸ், குற்றத்தில் தாமும் பங்கேற்றுப் பின்னர் அதை வெளிப்படுத்துபவர். நீதிமன்ற வழக்கில் ‘அப்ரூவர்’ எனப்படும் சாட்சியின் நிலை அவருடையது. டேனியல், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளர்களின் உடல்களைத் தம் கையால் பரிசோதித்தவர். அவர் நிபுணர் சாட்சி. முன்னதன் தமிழ்த் தலைப்பிலேயே ‘வாக்குமூலம்’ என்னும் சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. தாமே ஒரு கதையைப் புனைவதற்கு முன், பிறர் அளித்த இரண்டு சாட்சியங்களைத் தமிழில் பதிவுசெய்யும் பணியை இவ்வழக்கறிஞர் செய்திருக்கிறார். அவரது நாவல்களில் காணும் தகவல் செறிவுக்கும், தரவை முதலில் வைத்து உணர்ச்சியைப் பின்னால் வைக்கும் முறைக்கும் தோற்றுவாய் இங்குள்ளது எனலாம்.

அந்நாவல்களை வெளியிட்ட பொன்னுலகம் பதிப்பகம் திருப்பூரில் இயங்குவது. பின்னலாடை ஏற்றுமதியால் மட்டும் அறியப்படும் ஒரு நகரம் அவ்வட்டாரத்தின் குற்றங்களைப் பேசும் நாவல்களின் பிறப்பிடமாகவும் இருக்கிறது.

மிளிர் கல்: சான்றுப்பொருள் பேசும் கதை

2014இல் வெளிவந்த ‘மிளிர் கல்’ தில்லியில் வளர்ந்த முல்லை என்னும் இளம்பெண், கண்ணகி நடந்த வழியைப் பின்பற்றி ஆவணப்படம் எடுக்க வருவதில் தொடங்குகிறது. நண்பன் நவீனும் பேராசிரியர் ஒருவரும் அப்பயணத்தில் இணைகின்றனர். காப்பியத்தின் தடத்தில் தொடங்கும் பயணம் இரத்தினக் கற்களின் தேடலாக மாறி, காங்கேயம் பகுதியில் கல்லெடுப்போரின் வாழ்விற்கும் அக்கற்களைத் தேடும் வணிக நிறுவனங்களின் போட்டிக்கும் வாசகரைக் கொண்டுசேர்க்கிறது.

இந்நாவலுக்குச் சிலப்பதிகாரம் ஏன் தேவைப்பட்டது என்பது இங்குக் கேட்கப்பட வேண்டிய வினா. தொன்மத்தைப் பயன்படுத்தும் இன்றைய நாவல்களில் இதுவும் ஒன்று எனக் கூறிக் கடந்துவிடலாம். ஆனால் எழுதியவர் வழக்கறிஞர் என்பதை நினைவில் கொண்டு மதுரைக் காண்டத்தை மீண்டும் நோக்கினால் வேறொன்று தெரியும். கொலைக்களக் காதை முன்னும் வழக்குரை காதை பின்னுமாக இளங்கோவடிகள் அமைத்துள்ளார். தண்டனை முதலில் நிறைவேறுகிறது. விசாரணை பின்னர் நடக்கிறது. பொற்கொல்லனின் சொல் ஒன்றே குற்றச்சாட்டு, அதுவே சாட்சியம், அதுவே தீர்ப்புக்கும் அடிப்படை. கோவலன் தன் தரப்பைக் கூற வாய்ப்புப் பெறவில்லை. கண்ணகி மன்னன் முன் நின்று வழக்குரைக்கும்போது அவள் செய்வது, ஒரு பொருளைச் சான்றாக முன்வைத்து அதன் உள்ளீட்டைக் கேள்விக்கு உட்படுத்துவது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் முதலில் உறுதிபடக் கூறுகிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என மன்னன் ஒப்புக்கொள்கிறான். பின்னரே சிலம்பு உடைக்கப்படுகிறது. இரு தரப்பும் தத்தம் நிலையைப் பதிவுசெய்த பிறகு சான்றுப்பொருளைத் திறக்கும் இவ்வரிசைமுறை இன்றைய நீதிமன்றத்திலும் குறை கூற இயலாதது.

அச்சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது? இவ்வினா இலக்கிய ஆராய்ச்சியில் அரிதாகவே எழும். சான்றுப்பொருள் எங்கிருந்து, யார் கை வழியாக மன்றத்துக்கு வந்தது எனக் கேட்பது வழக்கறிஞரின் இயல்பு. ‘மிளிர் கல்’ சிலம்பின் பரலையும் கொங்கு மண்ணையும் ஒரே கதைக்குள் கொண்டுவருவதற்கு அவ்வினா இடமளிக்கிறது. அதற்கான வரலாற்று அடிப்படையும் வலுவானது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் கல்மணித் தொழிற்கூடங்களையும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர். காங்கேயத்தை அடுத்த படியூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பச்சைக்கல் சுரங்கம் நடத்தினார். கொங்குப் பகுதியில் பரவலாகக் கிடைத்துள்ள உரோமானியக் காசுகள் அக்கற்களின் பழைய வாணிகத்தோடு தொடர்புடையவை என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வளவு செல்வம் சென்ற தடத்தில், குழிக்குள் இறங்கியவரின் பெயர் எந்தப் பானையோட்டிலும் இல்லை என எண்ணத் தோன்றும். பானையோடுகளில் ஆட்பெயர்கள் உள்ளன என்பது உண்மையே. அவர்கள் பொருளுக்கு உரியோரா, உழைத்தோரா என்பதை ஓடு சொல்வதில்லை. நாவல் தன் கற்பனையை நிறுத்துவது இவ்விடைவெளியில்தான். இன்றைய குழியிலும் நிலை அதுவே. கல்லெடுப்பவரிடம் உரிமமில்லை, ஒப்பந்தமில்லை, கூலிச்சீட்டுமில்லை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் முன் அவர் திருடராக நிற்கக்கூடியவர். கோவலன் நின்ற இடத்திலிருந்து அது வெகுதொலைவில் இல்லை.

நாவலின் குறையும் இங்கேயே தென்படுகிறது. பேராசிரியர் வாயிலாக வரும் வரலாற்று விளக்கங்கள் சில இடங்களில் கதையை நிறுத்திவைத்துவிடுகின்றன. வாதத்தின் எந்த இணைப்பும் விடுபடக்கூடாது என்ற தொழில்முறை அச்சம் நாவலாசிரியரையும் விடவில்லை போலும்.

முகிலினி: ஆறு தரும் சாட்சியம்

‘முகிலினி’ பவானியாற்றின் கரையில் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் வரலாற்றை அடித்தளமாகக் கொண்டு மூன்று தலைமுறைகளின் கதையைக் கூறுகிறது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் கீழ்பவானி அணை எழும்புவதும், செயற்கை இழைக்கான ஆலை தோன்றுவதும், வேலையும் சங்கமும் ஊருக்கு வந்துசேர்வதும், ஆறு கெடுவதும், இறுதியில் ஆலை மூடப்படுவதும் ஒரே தொடராக இணைகின்றன. ஆலையைத் தொடங்கியவர் கொடியவராகப் படைக்கப்படவில்லை. அவர் காலத்து நம்பிக்கைகள் அவருக்கு உண்டு. குற்றவாளியைச் சுட்டிக்காட்ட ஆவலோடு வரும் வாசகருக்கு இது ஏமாற்றமளிக்கலாம்.

இந்நாவலை நொய்யல் வழக்கின் அருகில் வைத்துப் படிப்பது பயனுடையது. பவானியும் நொய்யலும் காவிரியில் கலக்கும் ஆறுகள். ஒன்றின் கரையில் இழை செய்யும் ஆலை, மற்றொன்றின் கரையில் பின்னிய துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகள். திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு, பாசனத்திற்கென 1992இல் செயல்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கரூர் வரையிலான விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004ஆம் ஆண்டு வரையிலான பாதிப்பைக் கணக்கிட்டு 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு வரையறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் உறுதிசெய்தது. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத காரணத்தால் 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 1996இல் வேலூர்த் தோல்பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ‘மாசுபடுத்துவோரே ஈடுசெய்க’ என்னும் கோட்பாடு இவ்வழக்கின் முதுகெலும்பு.

விவசாயிகள் வென்ற வழக்கு இது. ஆயினும் வழக்கு எதைக் காண வல்லதாயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தின் முன் ஆறு எண்களாகவே வந்தது: ஒரு லிட்டரில் கரைந்த உப்பின் அளவு 2,100 மில்லிகிராமுக்கு மேலா, கீழா, பாதிக்கப்பட்ட நிலம் எத்தனை எக்டேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை. இவ்வாறு அளக்காவிடில் தீர்ப்பே வந்திராது. இதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. கிணற்று நீர் கசந்த முதல் ஆண்டில் அதைச் சாயத்தோடு இணைத்துப் பேசத் தயங்கிய குடும்பத்தில் ஒரு பிள்ளை அதே பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வழக்கில் வாதி ஒருவர், பிரதிவாதி மற்றொருவர். ஊரில் இருவரும் ஒரே வீட்டில் உண்பவர்கள். எந்த மனுவிலும் இதற்குப் பத்தி இல்லை.

‘முகிலினி’ இடம்பிடிப்பது இதில்தான். ஆறு கெட்டது என்பதை நாவல் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஊர் அதை அறியும். ஆலையால் வாழ்ந்தவரே ஆலையால் அழிந்தவருமாக இருக்கும்போது சாட்சிக்கூண்டில் ஏறுவது யார் என்ற சிக்கலை அது மூன்று தலைமுறை நீளத்தில் விரிக்கிறது. திருப்பூரின் சாயநீரை இதற்கு முன்பே நாவலாக்கிய சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) நகரின் அன்றாடத்தையும் அதன் மூச்சுத்திணறலையும் அருகிருந்து காட்டியது. ‘முகிலினி’ காலவரிசையைக் கட்டுகிறது: எது முதலில் நடந்தது, எது அதன் விளைவு, யார் எப்போது அறிந்திருந்தார். வழக்குக் கட்டின் ஒழுங்கு இது. இரு நாவல்களின் வேறுபாட்டை எழுதியவர்களின் கருத்துநிலையில் தேடுவதைவிட இந்த வைப்புமுறையில் தேடுவது பொருத்தமாகும்.

செம்புலம்: செயலும் சதியும்

மூன்றாவது நாவலான ‘செம்புலம்’ (2017) குற்றப் புனைவின் வடிவத்துக்கு மிக அருகில் நிற்பது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவரின் கொலையும் அதைத் தொடரும் விசாரணையும் கொங்குச் சமூகத்தின் சாதி அடுக்குகளைத் திறந்துகாட்டுகின்றன. தலைப்பு குறுந்தொகைப் பாடலொன்றின் செம்புலப்பெயல்நீரை நினைவூட்டுகிறது. முன்பின் உறவில்லாத இருவரின் நெஞ்சம் கலத்தலைப் பாடிய சொல், அக்கலப்பைத் தண்டிக்கும் மண்ணின் பெயராகியிருக்கிறது.

இந்நாவல் வெளிவந்த ஆண்டின் இறுதியில், 2017 டிசம்பர் 12 அன்று, திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் உடுமலைப்பேட்டை ஆணவக்கொலை வழக்கில் தீர்ப்பளித்தது. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் கடைவீதியில் நடந்த அக்கொலையைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்திருந்தது. அப்பதிவைத் தமிழகமே கண்டது. அமர்வு நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 சூன் 22 அன்று உயர் நீதிமன்றம், சதிக் குற்றச்சாட்டு ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கொண்டு அறுவரில் ஒருவரை விடுதலை செய்து, ஏனைய ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நாவலுக்கும் இவ்வழக்குக்கும் கதைத் தொடர்பு உண்டெனக் கூறுவது இங்கு நோக்கமன்று. வெட்டிய கைக்குச் சான்று கண்முன்னே இருந்தபோதும், அதற்கு முந்தைய கலந்தாலோசனைக்கு உரிய சான்று வேறொரு அளவுகோலால் நிறுக்கப்படுகிறது என்பதே கவனத்திற்குரியது. ஐயத்தின் பயனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளிப்பது சட்டத்தின் அறம். அதைத் தளர்த்தினால் முதலில் சிறை செல்வோர் வலியோராக இரார்; இதை வழக்கறிஞர் எவரும் அறிவர். கோவையின் மு. சந்திரகுமார் தம் காவல்நிலையச் சித்திரவதை அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ (2006) இதற்கு ஒரு சான்று. காவலரிடம் அளித்த ஒப்புதல் செல்லாது என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த தடை யாரைக் காக்க எழுந்தது என்பதை அந்நூல் காட்டுகிறது.

ஆகவே வழக்கறிஞர் எழுதும் ஆணவக்கொலை நாவல் இரு பக்கமும் கூருள்ள கத்தியைக் கையாள்கிறது. சான்றின் கண்டிப்பைக் கேலிசெய்தால் எளியோருக்கான காப்பையே கேலிசெய்ததாகும். கண்டிப்பை அப்படியே ஏற்றால் திண்ணையிலும் மண்டபத்திலும் தொலைபேசியிலும் நடந்தவை நடவாதவையாகிவிடும். ‘செம்புலம்’ இதற்குக் கண்ட வழி, விசாரணையைக் கொலையாளியிடம் நிறுத்தாமல் பக்கவாட்டில் பரவவிடுவது. நிலம், நூற்பாலை, சாதிச் சங்கம், கட்சி எனக் கேள்வி நகர்கிறது. கொன்றவர் யார் என்ற வினா பின்தங்கி, இக்கொலை நிகழ்வதற்கு எத்தனை பேர் வாய்மூடியிருக்க வேண்டும் என்ற வினா முன்வருகிறது. தனியொரு பெயரோடு முடியும் துப்பறியும் கதையின் நிறைவை எதிர்பார்ப்பவருக்கு இந்நாவலின் பிற்பகுதி சிதறலாகத் தோன்றும். அச்சிதறலில் ஒரு பகுதி கட்டமைப்பின் தளர்ச்சியே. மறுபகுதி பொருளின் இயல்பு.

வாய்மூடியவர்களுக்குத் தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் ஒரு சொல் உண்டு: பிறழ்சாட்சி. காவல்துறையிடம் ஒன்றைக் கூறிவிட்டு மன்றத்தில் மாற்றிக் கூறுபவர். செய்தித்தாளில் அவர் ஒற்றை வரி. ஏன் பிறழ்ந்தார் என்பதை ஆராயும் கடமை வழக்குக்கு இல்லை. அவரை ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறது. அவர் தோட்டத்துக்கு வரும் வண்டித்தடம் யாருடைய நிலத்தின் வழியே போகிறது, மகளுக்கு வேலை எந்த மில்லில், மகனின் கடன் யாரிடம் என்பனவெல்லாம் தெரிந்தால்தான் அவரது பிறழ்வு விளங்கும். திருப்பூர் வட்டாரத்தில் இக்கட்டு மேலும் சிக்கலானது. பனியன் கம்பெனியில் தைப்பவர், கட்டிங் செய்பவர், ஜாப் ஒர்க் எடுத்த பவர்டேபிள் உரிமையாளர், அவருக்கு ஆர்டர் கொடுத்த ஏற்றுமதியாளர் என நீளும் சங்கிலியில் முதலாளி யார் என்பதை மெய்ப்பிப்பதே ஒரு வழக்கு. அச்சமும் அதே சங்கிலியில் இறங்கிவருகிறது.

சாட்சியின் மொழி

வேதநாயகம் பிள்ளை கவலைப்பட்ட மொழிச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்குமொழியாக இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே நீடிக்கிறது. தாராபுரத்திலோ பல்லடத்திலோ ஒருவர் கூண்டில் நின்று கூறியது முதலில் எழுத்துத் தமிழாகிறது, மேல்முறையீட்டில் ஆங்கிலமாகிறது. ஒவ்வொரு படியிலும் பொருள் காக்கப்படுகிறது, குரல் காக்கப்படுவதில்லை. இவ்விரு மொழிகளுக்கும் இடையே தொழில்புரியும் வழக்கறிஞருக்கு இவ்விழப்பு அன்றாடக் காட்சி.

முருகவேளின் உரையாடல்களில் தகவல் மிகுவதாகக் கூறப்படும் குறையை முன்னரே ஏற்றுக்கொண்டோம். கதைமாந்தர் பலர் தம் தரப்பைத் தாமே வாதிடும் ஆற்றலோடு பேசுகின்றனர். படிக்காதவரும் தொடர்பு விடாமல் பேசுகின்றனர். இது நடப்பியலுக்குப் பொருந்தாது என்பது சரியே. ஆனால் வாதி தன் வழக்கைத் தானே உரைக்கும் மரபை வழக்குரை காதையிலிருந்து எடுத்துக்கொண்ட ஒருவரிடம், அப்பேச்சு எதை ஈடுசெய்ய முயல்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கண்ணகிக்கு வழக்கறிஞர் இல்லை.

கொங்குப் பகுதியின் சாட்சி ஒருவர் “பாத்தனுங்க” என்று கூறுவார். பதிவேட்டில் அது “நான் பார்த்தேன்” என்றாகும். நீக்கப்பட்ட ‘ங்க’ மரியாதை விகுதி மட்டுமன்று. யார் முன் யார் நின்று பேசுகிறார், எவ்வளவு தாழ்ந்து பேசப் பழகியிருக்கிறார், எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பவரை இதுவரை என்னவென்று விளித்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவ்விகுதியில் ஒடுங்கியிருக்கிறது. பதிவேட்டைப் படிக்கும் மேல்முறையீட்டு நீதிபதிக்கு அது கிட்டாது. நாவலின் உரையாடலில் அதை நீக்கச் சொல்வார் எவருமில்லை.